அம்பலத்தாடி கேட்ட இரண்டாவது குடை

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா..."

"உமையா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"சும்மா இருக்க முடியாதா உங்களுக்கு? அத்தனை பேர் கூடின சபையில..."

"ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்..."

"அந்த ஒரு வார்த்தைக்கு வீடு போகப் போகுது!"

முன்னொரு காலத்தில், ஓர் அரண்மனையின் பின்தெருவில் நடந்த சண்டை இது. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். மழை பெய்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். கத்தியவள் உமையாள். திட்டு வாங்கியவன் அவள் புருஷன் அம்பலத்தாடி, அரசவை விதூஷகன். அரசரைச் சிரிக்கவைப்பது அவன் வேலை. வீட்டில் அந்த வேலை செல்லுபடியாகாது.

அவன் சொன்ன வார்த்தை என்ன? அதற்குப் போன வருஷத்து மழையிலிருந்து வர வேண்டும்.

அந்த நாட்டில் விலைப்பட்டயம் என்று ஒரு வழக்கம் இருந்தது. அரண்மனைக்கு வேண்டிய ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே விலை குறித்துவிடுவார்கள். அந்த விலைக்குத் தர ஒப்புக்கொண்ட வணிகர்களின் பெயர் பட்டயத்தில் ஏறும். அதிலுள்ள யாரிடமும் வாங்கலாம், வெளியாரிடம் கூடாது, ஒரு காசு கூடுதலாகவும் கூடாது. குடைக்கு நாலு வணிகர் பெயர் ஏறியிருந்தது. விலை நாலு பேருக்கும் ஒன்றே. குடைதான் ஒன்றல்ல.

போன வருஷம் மந்திரி காலிங்கராயர் தம் மைத்துனர் தில்லைநாயகத்திடம் குடை வாங்கினார். மழை உற்சவத்தில் அரசர் நகர்வலம் வந்தார். மேலே மழை, குடைக்குள்ளேயும் மழை. அரசர் மீசைக்கு மை பூசுகிறவர் என்பது அதுவரை அவருக்கும் நாவிதனுக்கும் மட்டும் தெரிந்த செய்தி. அன்று நாலு வீதிக்கும் தெரிந்தது. மை வழிந்து, தாடை கறுத்து, மீசை வெளுத்து அரண்மனை திரும்பினார் மகாராஜா.

இந்த வருஷ உற்சவத்துக்குக் குடை வாங்கும் பேச்சு இன்று காலை சபையில் எழுந்தது. அம்பலத்தாடி சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"மந்திரியார் வாங்கிய குடையில் குறை ஏதும் இல்லை, பிரபு. வெயிலுக்கு அது குடை. மழைக்கு மட்டும் சல்லடை."

அரசர் சிரித்தார். காலிங்கராயரும் சிரித்தார். அவர் சிரித்தபோதே அம்பலத்தாடி பயந்திருக்க வேண்டும்.

"உண்மைதான் பிரபு, அடியேனுக்குக் குடை பார்க்கத் தெரியவில்லை. தெரிந்தவரே வாங்கட்டும். ஐந்நூறு குடை. பட்டய விலை. பட்டயத்து வணிகர் நால்வரில் ஒருவர். மாதிரியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. நம் அம்பலத்தாடி வணிகரை விசாரிக்கிறேன், ஊரை விசாரிக்கிறேன் என்று விதியை மீற மாட்டார் அல்லவா?"

"மாட்டான்," என்றார் அரசர். "வெள்ளிக்கிழமை சபையில் தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் அம்பலத்தாடி, உற்சவத்தன்று ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு என் மீசையில் விழுந்தால், நீயும் வேண்டாம், உன் விகடமும் வேண்டாம். அரண்மனை கொடுத்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் போ."

"ஆஹா, அப்படியே பிரபு!" என்று கும்பிட்டுவிட்டு வந்து சேர்ந்தான் நம் வீரன். அதற்குத்தான் இந்தச் சண்டை.

"அப்படியேன்னு சொன்னீங்களா? யோசிக்காம?"

"யோசிக்கிறதுக்குள்ள நாக்கு சொல்லிடுச்சு. எனக்கு நாக்கு முன்னாடி போகும், புத்தி பின்னாடி நொண்டிக்கிட்டு வரும். உனக்குத் தெரியாததா?"

"நாலு மாதிரியையும் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நாலும் தேவலோகத்துக் குடை! தில்லைநாயகத்தோடது பட்டு உறை போட்டு, காம்புக்கு வெள்ளிப்பூண் போட்டு, கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது. தண்ணி ஊத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கல. போன வருஷமும் அவர் காட்டின மாதிரிக்குடை இப்படித்தான் இருந்ததாம். அது வேண்டாம்னா, நல்ல மாதிரியை ஏன் தள்ளினேன்னு மந்திரி கேட்பாரு. வேணும்னா, வீடு போயிடும்."

"மாதிரின்னா நல்லாத்தான் இருக்கும்," என்றாள் உமையாள், அடுப்பை ஊதிக்கொண்டே. "என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு நீங்க எப்படி இருந்தீங்க? குனிஞ்ச தலை நிமிரல. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். 'அடக்கமான பிள்ளை'ன்னு எங்கப்பா பூரிச்சுப் போனாரு. அந்தப் பிள்ளையை அதுக்கப்புறம் இந்த வீட்ல நான் பார்த்ததே இல்ல."

"அது வந்து..."

"தாம்பூலம் மாத்துறதுக்கு முன்னாடி எங்கப்பா சொல்லாம கொள்ளாம இன்னொரு நாள் வந்து எட்டிப் பார்த்திருக்கணும். மனுஷருக்குத் தோணல. என் தலையெழுத்து."

அம்பலத்தாடி வாயைத் திறந்தான். "இன்னொரு நாள்... இன்னொண்ணு..." என்று முணுமுணுத்தான். பிறகு மூடிக்கொண்டான். அந்த வீட்டில் அது அபூர்வம்.

வெள்ளிக்கிழமை. சபை கூடியது. நாலு வணிகரும் வந்திருந்தார்கள். தில்லைநாயகம் சந்தனம் மணக்க முன்வரிசையில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் இருவர், அவரைப் பார்த்துத் தலையாட்டவே பிறந்தவர்கள். கடைசியில் பலவேசம் என்றொருவன். அழுக்கு வேட்டி. யாருக்கும் வெற்றிலை வைத்துக் கொடுக்காதவன். அவன் குடையில் பட்டும் இல்லை, பூணும் இல்லை. வெறும் பனையோலை.

"மாதிரிகளைப் பார்த்தாயா?" என்று கேட்டார் அரசர்.

"இன்னொரு முறை பிரபுவின் முன்னால் பார்க்கிறேன்," என்ற அம்பலத்தாடி, ஒவ்வொரு குடையாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். சேவகர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நாலு குடையும் தாங்கின. நனைந்தது தரைதான்.

"மிக நன்று!" என்றார் காலிங்கராயர். "இனித் தேர்ந்தெடுக்க வேண்டியதுதானே?"

அம்பலத்தாடி நாலு குடையையும் மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அரசரை வணங்கக் குனிந்தான். ஈரத்தரை. கால் வழுக்கியது. படார்! நாலு குடையும் கீழே, அவன் மேலே. காம்பு முறிந்த சத்தம் சபை முழுக்கக் கேட்டது.

"அடேய்!" என்று எழுந்தார் அரசர்.

"பொறுக்க வேண்டும் பிரபு. அரண்மனைச் சோறு தின்று வளர்ந்த உடம்பு. மழையைத் தாங்கும் குடையால் அதைத் தாங்க முடியவில்லை."

"மாதிரியை உடைத்துவிட்டானே! தேர்ந்தெடுக்கத் தெரியாமல் தப்பிக்கப் பார்க்கிறான்!" என்று கூவினார் மந்திரி.

"ஐயோ, தப்பிக்கவில்லை. மாதிரியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. ஒரு மாதிரிதான் பார்க்க வேண்டும் என்று விதியில் இல்லையே? ஐந்நூறு தருவதாகச் சொன்ன வணிகர்கள் ஆளுக்கு இன்னொன்று தர மாட்டார்களா? இதோ வெற்றிலை போடுகிறேன். என் வாய் சிவப்பதற்குள் வந்துவிட்டால் போதும்."

தில்லைநாயகத்தின் நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைந்தது. "பிரபு, மாதிரி என்பது... அதைச் செய்ய நாள் பிடிக்கும். நல்ல ஓலை பார்த்து, நல்ல கைகாரனைப் பிடித்து..."

"அப்படியானால் ஐந்நூறுக்கு எந்த ஓலை, எந்தக் கை?" என்றார் அரசர். குரல் மெதுவாக இருந்தது. அவர் குரல் மெதுவானால் அது நல்ல அறிகுறி அல்ல.

"இல்லை, இல்லை! இருப்பு நிறைய இருக்கிறது. இதோ ஆள் அனுப்புகிறேன்!"

மற்ற இருவரும் தலையாட்டி ஆள் அனுப்பினார்கள். பலவேசம் மட்டும் அசையவில்லை.

"உம் ஆளை அனுப்பவில்லையா?" என்று கேட்டார் மந்திரி.

"எதுக்கு அனுப்பணும்? வாசல்ல என் வண்டி நிக்கி. சந்தைக்குப் போற சரக்கு. எதை வேணா உருவிக்கிடுங்க."

"மாதிரி என்று தனியாக எடுத்து வைக்கவில்லையா?"

"மாதிரின்னா என்னவே? அன்னிக்கு ஆள் வந்து கேட்டான். குவியல்ல இருந்து ஒண்ணை எடுத்துக் குடுத்தேன். அம்புட்டுதான்."

அம்பலத்தாடி மெல்லத் தொண்டையைச் செருமினான். "பிரபு, ஆட்கள் வரும்வரை மேல்மாடத்தில் காற்று வாங்கலாமா? ஆளுக்கொரு தெருவில் கிடங்கு. யார் முதலில் திரும்புகிறார் என்று பார்க்கலாம்."

எல்லோரும் மேல்மாடம் ஏறினார்கள். கீழே கோட்டை வாசல். அதைத் தாண்டிக் கடைத்தெரு, அப்பால் குளக்கரை. மூன்று ஆட்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். தில்லைநாயகத்தின் கிடங்கு கிழக்கே. அவர் ஆள் மேற்கே ஓடினான். அடுத்தவர் கிடங்கு தெற்கே. அவர் ஆளும் மேற்கே. மூன்றாமவனுக்கு யோசனையே இல்லை. முன்னால் போனவர்களைத் துரத்தினான். மூவரும் குளக்கரையில் முன்பக்கம் திறந்திருந்த ஒரே ஓலைக் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். நுழைந்த வேகத்தில் ஒரே குடையை மூவரும் பிடித்து இழுப்பது மேலேயிருந்து நன்றாகத் தெரிந்தது.

"யாருடைய கொட்டகை அது?" என்றார் அரசர்.

பதில் சொல்லப் பலவேசத்துக்கு நேரமில்லை. மாடத்தின் கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பைத் தொங்கவிட்டு, ஊரே கேட்கக் கத்தினான்:

"ஏலேய்! துட்டைக் குடுத்துட்டு எடுங்கலே! போன மாசமும் உங்க முதலாளிமாருக்குன்னு ஆளுக்கொண்ணு வாங்கிட்டுப் போனீங்க, அதுக்கே இன்னும் பாக்கி நிக்கி! பட்டு ஒட்டுறதுக்கு மட்டும் துட்டு இருக்காக்கும்?"

அரசர் திரும்பித் தில்லைநாயகத்தைப் பார்த்தார். தில்லைநாயகம் மந்திரியைப் பார்த்தார். மந்திரி வானத்தைப் பார்த்தார். வானத்தில் மேகம்கூட இல்லை.

"பிரபு," என்றான் அம்பலத்தாடி, "உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு தூரம் எனக்கே தெரியாது. கிடங்கில் ஓட்டைக் குடைதான் இருக்கும், வெறுங்கையோடு திரும்புவார்கள் என்றுதான் நினைத்தேன். பட்டய வணிகர் நால்வர், குடைக்காரர் ஒருவர் என்பது இப்போதுதான் தெரிகிறது. நான் விரித்த வலை சிறியது, மீன்தான் பெரியது. இரண்டாம் முறை கேட்டாலும் முதல் முறை கொடுத்ததையே கொடுக்கிறவர் பலவேசம். அவரைத் தேர்ந்தெடுக்கிறேன். என் வாயும் சிவந்துவிட்டது."

அரசருக்கு முதலில் மீசை துடித்தது. பிறகு உதடு. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வழிந்து மை கொஞ்சம் கரைந்தது. அதைச் சொல்லும் தைரியம் அம்பலத்தாடிக்கும் வரவில்லை. அன்றைக்கு ஒரு நாள் புத்தி முன்னால் போனது.

உற்சவத்தன்று வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஐந்நூறு பனையோலைக் குடைகள் நாலு வீதியும் சுற்றின. அரசர் மீசை கருகருவென்று போய், கருகருவென்று திரும்பியது. அவருக்குப் பின்னால் மந்திரி காலிங்கராயர், அரச கட்டளைப்படி, போன வருஷத்துக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் தலையில் பூசியிருந்த மையும் ஊருக்குத் தெரிந்தது.

"என்ன வேண்டும், கேள்!" என்றார் அரசர்.

"குடியிருக்கும் வீடு வேண்டும், பிரபு. என் பெயருக்கு வேண்டாம். என் நாக்கை நம்பி யாரும் வீடு எழுதக் கூடாது. உமையாள் பெயருக்கு எழுதிக் கொடுங்கள்."

அரசர் மறுபடி சிரித்தார். வீட்டோடு ஒரு பொற்கிழியும் கொடுத்தார்.

ஈரத்தலையோடு வீட்டுக்குள் நுழைந்த அம்பலத்தாடி, வீட்டுப் பட்டயத்தை அவள் மடியில் வைத்தான். நெஞ்சு இரண்டு விரற்கடை நிமிர்ந்திருந்தது.

"பார்த்தியா? உன் பேர்ல! சபையே எழுந்து நின்னுச்சு உமையா. 'அம்பலத்தாடியின் புத்தியே புத்தி'ன்னு அரசர் வாயால சொன்னாரு. இந்த நாட்ல என்னை மாதிரி..."

"சொன்னாராக்கும்?"

"சொன்னாரே! பாவம் அந்தத் தில்லைநாயகம். அடுத்தவன் சரக்கைக் கொண்டுவந்து தன்னுதுன்னு காட்டுனா எத்தனை நாளைக்குத் தாங்கும்? ரெண்டாவது கேட்டதும் ஆள் எப்படி ஓடினான் தெரியுமா?"

உமையாள் பட்டயத்தை மடித்து அரிசிப்பானைக்குள் வைத்தாள். துண்டை எடுத்து அவன் தலையில் போட்டாள்.

"சரி, தலையைத் துவட்டுங்க. நாளைக்கே அரசர் இன்னொரு யோசனை கேட்டாருன்னா, நீங்க எந்தத் தெருவுக்கு ஓடுவீங்க?"