வெள்ளி நிறம்

கோமதிநாயகம் பேராசிரியர். ஐம்பதை நெருங்கிய வயதில், எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் திசு வெட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். கற்றுக்கொடுத்த சுகிர்தா அவரைவிட இளையவர். அந்த அறையில் அதெல்லாம் கணக்கில்லை.

அன்று சுகிர்தா அவரிடம் கொடுத்தது, இறந்துபோன ஒரு குழந்தையின் தசை. பிசினில் இறுகிய கடுகளவுத் துண்டு. உடலை எரித்தாகிவிட்டது, மிஞ்சியது இவ்வளவுதான். தாய் மாரீஸ்வரி மறுபடி கர்ப்பம். இந்தப் பிள்ளைக்கும் அதே நோய் வருமா என்று தெரிந்துகொள்ள வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்.

வைரக் கத்தி சீவிய துண்டுகள் தண்ணீரில் மிதந்தன. பொன் நிறம்.

"இது கொஞ்சம் தடிமன்தானே மேடம்?"

"தடிமன்தான். ஆனா பார்க்க முடியும். இதையே எடுத்து வச்சுடுங்க சார்."

யாரோ கூப்பிட, சுகிர்தா போய்விட்டார்.

கோமதிநாயகத்துக்கு மனம் ஒப்பவில்லை. சரியான மெலிவென்றால் வெள்ளி நிறம் வர வேண்டும். பொன்னைத் துடைத்துப் போட்டுவிட்டு மறுபடி சீவினார். மறுபடியும் பொன். மனிதர் விடுவாரா? ஒருவழியாக வெள்ளி வந்தது. இமைமயிர் ஒட்டிய குச்சியால், மூச்சை அடக்கிக்கொண்டு அதை ஒதுக்கினார். அப்படியொரு அழகு.

திரும்பி வந்த சுகிர்தா அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வெறும் பிசின். தசை அதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது.

"முதல்ல வந்ததெல்லாம் எங்க சார்?"

"துடைச்சுட்டேன்."

சுகிர்தா நுண்ணோக்கியை அணைத்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்றது மேடம்?"

"நடந்ததைச் சொல்லுங்க."

வெளியே வந்தார்கள். மாரீஸ்வரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அந்த வயிற்றைப் பார்த்ததும் கோமதிநாயகத்துக்கு, ஆய்வகத்துக்காரர்கள் வழக்கமாகச் சொல்வதுதான் வாயில் வந்தது.

"சதை பத்தலம்மா. அதான் ஒண்ணும் தெரியல."

மாரீஸ்வரி தலையாட்டினாள்.

"அவன் ஒழுங்கா சாப்பிடவே மாட்டான் சார். நான்தான் இன்னும் மெனக்கெட்டு ஊட்டியிருக்கணும். உடம்புல நாலு சதை இருந்திருந்தா இதுக்காவது ஆயிருக்கும்."

கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன், சொல்லவில்லை.

சுகிர்தா அவளை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இல்லம்மா. உங்க பிள்ளை வேண்டிய மட்டும் குடுத்துட்டுத்தான் போனான். நாங்கதான் அழகு பார்த்து வீணாக்கிட்டோம்."