முதல் கால் மணித் தண்ணீர்

பூவராகன் நகராட்சிப் பொறியாளர். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். தன்னைவிடப் பத்து வயது இளையவரான மேட்டுத்தெரு மடத்துச் சாமியைத்தான் குருவாக ஏற்றிருந்தார். ஊர்க் குடிநீர் விநியோகத்தை நடத்திப் பராமரிக்கத் தனியார் கம்பெனிக்கு ஒப்பந்தம் விட்டபோது, நானூறு பக்கத்தையும் தானே எழுதி, அந்தக் காகிதக் கட்டைச் சாமியின் காலடியில் வைத்து விபூதி வாங்கிக்கொண்டு போன மனுஷன்.

ஆறே மாதத்தில் அதே கட்டோடு திரும்பி வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

மேட்டுத்தெருவில் வாந்திபேதி. ஒன்பது பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். இஸ்திரி போடும் செல்லக்கிளியின் நாலு வயது மகளை முந்தாநாள் அடக்கம் செய்தாயிற்று. பூவராகனும் போயிருந்தார். செல்லக்கிளி அவரை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தாலாவது மனுஷனுக்கு மனசு ஆறியிருக்கும், பாவம்.

"மோட்டார், குழாய், மீட்டர், ஒன்றையும் விடாமல் எழுதினேன் சாமி. எந்த வரியில் தப்பு? காட்டுங்கள், திருத்திவிடுகிறேன்."

சாமி கட்டைத் தொடவில்லை. எழுந்து வாசல் குழாயடிக்குப் போனார். அப்போதுதான் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. உள்ளங்கையில் ஏந்தி மோந்து பார்த்துவிட்டு, கையைப் பூவராகனின் மூக்கருகே நீட்டினார்.

சாக்கடை நாற்றம் அடித்தது. பூவராகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முன்பு வால்வு திறந்துவந்த சடையன் தினமும் இப்படித்தான் பார்ப்பார்" என்றார் சாமி. "நாற்றம் போகிறவரை தண்ணீரை வெளியே விடுவார். கால் மணி நேரம் ஆகும். அப்புறம்தான் வீடுகளுக்குத் திறப்பார்."

தண்ணீரை வீணடிக்கிறான் என்று சடையனுக்கு மெமோ கொடுத்தவரே பூவராகன்தான். ஒப்பந்தத்திலும் சும்மா விடவில்லை. வீணாகிற தண்ணீருக்கு அபராதம் என்று ஒரு வரி எழுதி, அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டிருந்தார். சடையனையும் மற்றப் பழைய வால்வுக்காரர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் இடத்துக்கு வந்த கம்பெனி ஆட்கள் அந்த வரியை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார்கள். ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. ஐப்பசி மழையில் சாக்கடை நிரம்பி, தண்ணீர் நின்ற நேரமெல்லாம் விரிசல் குழாய்க்குள் இறங்கியது. அத்தனையும் வீடுகளுக்கே போய்ச் சேர்ந்தது.

"உங்களுக்குத் தெரிந்திருந்தும் ஏன் சாமி சொல்லவில்லை?"

"தினமும் பார்த்தேன். எதற்கு விடுகிறார் என்று கேட்கவில்லை. மடத்தில் கிணறு இருக்கிறது. அந்தப் பிள்ளை போனபிறகுதான் எனக்கும் உறைத்தது."

இந்தத் தெருவுக்கு இன்றைக்கே உத்தரவு போட்டுவிடலாம். ஆனால் ஊரில் நூற்றுப்பத்துத் தெரு. குழாயும் சாக்கடையும் எங்கெங்கே ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன என்று எந்த வரைபடத்திலும் இல்லை. எல்லாத் தெருவிலும் கால் மணி வெளியே விட்டால் தொட்டியே காலியாகிவிடும். சடையனுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. போன ஆவணியில் செத்தும் போனார்.

பூவராகன் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்து எந்த வீட்டில் எந்தப் பிள்ளையோ?

"சடையன் இன்னும் எந்தெந்தத் தெருவில் இப்படி விட்டார், சாமி?"

சாமி குழாயை மூடினார்.

"வால்வுச் சாவியை ஒப்படைக்க இருபது வருஷம் தினமும் உங்கள் அறை வாசலில்தான் நின்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்."