ஓடுவதற்கு உத்தரவு கேட்ட எருமை

ஆற்றின் இரு கரையிலும் இரண்டு காடுகள் இருந்தன. இரண்டுக்கும் அரசன், மலையுச்சியில் வாழ்ந்த கேசரன் என்ற சிங்கம். ஆனால் எங்கே மேய்வது, ஆபத்து வந்தால் எங்கே ஓடுவது என்பதையெல்லாம் அந்தந்தக் காட்டுத் தலைவரே முடிவு செய்வது வழக்கம். வடகரைக்குத் தலைவி முள்ளி என்ற காட்டுப்பன்றி. தென்கரைக்குத் தலைவன் மதங்கன் என்ற எருமை.

ஒரு கோடையில் காட்டுத்தீ பரவியது. முள்ளி தன் கூட்டத்தைத் தெற்கே ஓட்டியது. மதங்கன் வடக்கே ஓட்டியது. நடு ஆற்றில் இரு கூட்டமும் முட்டிக்கொண்டன. தீ அணையும்வரை இடம்பெயரும் உத்தரவைத் தானே தருவதாகக் கேசரன் சொன்னது. நியாயமாகத்தான் பட்டது. இருவரும் சம்மதித்தார்கள். எல்லா மிருகங்களும் பிழைத்தன.

தீ அணைந்தது. அதிகாரம் மட்டும் மலையிலிருந்து இறங்கவில்லை.

போய் அதைத் திருப்பிக் கேட்கலாம் என்று முள்ளி மதங்கனைக் கூப்பிட்டது. அது வரவில்லை. அரசவையில் சிங்கத்துக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் தந்திருந்தார்கள். அங்கே போய் உட்கார்ந்து தலையாட்டுவதில் அதற்குப் பெரிய பெருமை.

மழைக்காலத்தில் ஆறு பொங்கியது. முள்ளி யாரையும் கேட்காமல் தன் கூட்டத்தை மேட்டில் ஏற்றியது. மதங்கனோ உத்தரவு கேட்டு ஒரு காகத்தை மலைக்கு அனுப்பியது.

உச்சியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மந்திரி நரி குகைக்கு வெளியே வந்து வானத்தைப் பார்த்தது.

"இங்கே ஒரு தூறல்கூட இல்லை. அங்கே எப்படி வெள்ளம் வரும்? தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்த்துவந்து சொல்" என்றது.

காகம் திரும்பியபோது தண்ணீர் எருமைகளின் வயிற்றைத் தொட்டிருந்தது. மதங்கன் அதை மறுபடியும் அனுப்பியது.

"கன்றுகளுக்குக் கால் எட்டவில்லை. கிளம்பலாம்" என்றது மதங்கனின் மனைவி செங்காரி.

"உத்தரவில்லாமல் போனால் அவையில் என் மரியாதை என்ன ஆவது?"

"மரியாதைக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்ட செங்காரி, கூட்டத்தை மேட்டுக்கு ஓட்டியது. கடைசியாக வந்த கன்றுகளை வெள்ளம் அடித்துப் போனது. அவற்றில் ஒன்று அவர்களுடையது.

வெள்ளம் வடிந்த பிறகு உத்தரவு வந்தது. பின்னாலேயே கேசரனும் வந்தது. கீழ்ப்படிந்ததற்காக மதங்கன் கழுத்தில் மாலை போட்டது. முள்ளி விசாரணைக்கு வர வேண்டும் என்றது.

"இறந்த கன்றுகளைப் பற்றி யாரை விசாரிப்பீர்கள்?" என்று கேட்டது செங்காரி.

கேசரன் கர்ஜித்தது. யாரும் பயந்து ஓடவில்லை. இரு கூட்டமும் முள்ளிக்கு முன்னால் வந்து நின்றன. அத்தனை கொம்புகளையும் கோரைப்பற்களையும் பார்த்துவிட்டுச் சிங்கம் மலைக்குத் திரும்பியது. தென்கரைக்கு அன்றே செங்காரி தலைவியானது. கூட்டத்தில் நிற்க இடமில்லாத மதங்கன், கழுத்து மாலையோடு சிங்கத்தின் பின்னால் நடந்தது.

அவசரத்துக்குக் கொடுத்த அதிகாரத்தை அவசரம் தீர்ந்ததும் திரும்ப வாங்காதவர், தன் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தாலும் அடுத்தவர் உத்தரவுக்குத்தான் காத்து நிற்பார்.