மணியடித்தால் நீளும் கை

கல்லூரியில் உளவியல் துறை வேண்டாம் என்று அறிக்கை எழுதவே வந்திருந்தார் இயற்பியல் துறைத் தலைவர் சடகோபன். துறை போனால் எலிக்கூண்டு கழுவும் லூர்துசாமிக்கும் வேலை போகும்.

"எலி கத்துக்கிறதெல்லாம் விஞ்ஞானமாய்யா? நடக்கப்போறதை முன்னாடியே சொல்லணும். உன்னால முடியுமா?"

"முடியுங்கய்யா."

லூர்துசாமி ஒரு சீட்டில் எழுதி, மடித்துக் கொடுத்தான். பிறகு தன் கைமணியை அடித்தான். பன்னிரண்டு வருஷமாகப் பதினொரு மணிக்கு இதை அடித்துவிட்டுத்தான் எல்லாத் துறைக்கும் டீ கொடுக்கிறான்.

இப்போது மணி ஒன்பதுதான். இந்நேரத்தில் என்ன மணி என்று திட்டிக்கொண்டே சடகோபன் கையை நீட்டினார். டம்ளர் வரவில்லை.

சீட்டைப் பிரித்தார். 'ஐயா கை நீட்டுவார்.'

"எலியாவது அப்பப்ப மறந்துடுமுங்கய்யா," என்றான் லூர்துசாமி.

சடகோபன் 'துறை தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கை மறுபடி நீண்டது.

"மணியடிச்சேல்ல, டீ எங்கய்யா?"