பன்னிரண்டு லட்சத்துப் பாயிண்ட் கார்டு

சுருளிவேல் பொய் சொல்லுகிறவர் இல்லை. நடந்த விஷயம் நடந்த அளவிலேயே நின்றுவிட்டால் கேட்கிறவர்களுக்கு என்ன மரியாதை என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான். தொழில் மாட்டுத் தரகு. கிழட்டு எருமையைக் காட்டி, இது போன வாரம்தான் கன்றாக இருந்தது என்று சொல்லி விற்றிருக்கிறார். வாங்கியவர் இன்றைக்கும் அவரோடு நல்ல முகமாகத்தான் பேசுகிறார். தேனிப் பக்கம் கரட்டூரில் இருக்கும் கூடைப்பந்துக் கழகத்துக்கு எட்டு வருடமாக அவர்தான் செயலாளர்.

அந்தச் சாயங்காலம் கழகத்துக் கமிட்டி கூடியபோது சுருளிவேல் பயந்துபோயிருந்தார். காரணம் போன ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நடந்தது.

கழகத்தின் பாயிண்ட் கார்டு ஜெனிஷ், மார்த்தாண்டத்துப் பையன். பந்தை மேலே கொண்டுபோய் மற்ற நாலு பேருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கிற வேலை அவனுடையது. அவனுடைய ஒப்பந்தம் போன வருடத்தோடு முடிந்தது. அவனுக்குப் பேச வேண்டிய தாய்மாமன் தாசையனும் மாட்டு வியாபாரி. ஆகவே பேச்சு, ஜெனிஷும் பக்கத்தில் நிற்க, சந்தையிலேயே நடந்தது. இருவர் கை மேலும் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்லுகிற பேச்சு. ஆறு லட்சத்துக்கு மேல் போகக் கூடாது என்பது கமிட்டியின் உத்தரவு. சுருளிவேல் ஐந்தில் ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் வந்து நின்று ஜெனிஷ் இருந்த பக்கமே உற்று உற்றுப் பார்த்தார். மேலப்பேட்டை அணிக்காரன் மோப்பம் பிடித்து வந்துவிட்டான் என்று சுருளிவேலுக்குத் தோன்றிவிட்டது. பக்கத்து ஆள் ஒரு மாட்டை உற்றுப் பார்த்தால் தரகர் விரல் தானாக ஏறும். முப்பது வருடப் பழக்கம் அது. ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஏறிப் பன்னிரண்டில் கையைக் குலுக்கிவிட்டார். மஞ்சள் சட்டைக்காரர், "தம்பி, கொஞ்சம் நகருப்பா," என்று ஜெனிஷை ஒதுக்கிவிட்டு, அவனுக்குப் பின்னால் கட்டியிருந்த எருமையைப் பிடித்துக்கொண்டு போனார்.

துண்டுக்குள் கொடுத்த கையை மாற்றிப் பேசுகிற தரகருக்கு அதற்கப்புறம் எந்தச் சந்தையிலும் ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள். ஆறுக்குப் பதில் பன்னிரண்டு. கமிட்டி இன்றைக்குச் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாளைக்குச் சுருளிவேல் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டும்.

மைதானத்துச் சிமெண்ட் படியில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. தலைவர் பாண்டீஸ்வரி, வாழைக்காய் மண்டிக்காரர். கழகத்துக்கு வரும் பணமெல்லாம் அவர் மண்டியிலிருந்துதான் வருகிறது. அதிகம் பேச மாட்டார். டீக்கடை சிக்கந்தர் பாய் அதிகம் பேசுவார். பாக்கியநாதன் சார் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார்; கமிட்டியில் விளையாட்டு தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான், அதனால் அவரை யாருக்கும் பிடிக்காது. நாலாவது ஆள் மைக் செட் வீரணன். எதற்கும் தலையாட்டுவார். ஸ்பீக்கர் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழித்ததில் அவருக்கு எது கேட்டது எது கேட்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

மைதானத்தின் அந்தக் கோடியில் ஜெனிஷ் தனியாகப் பந்து போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். டங் என்று ரிங்கில் பட்டுத் திரும்பியது.

"பன்னெண்டு லட்சமா?" என்றார் பாக்கியநாதன் சார். "ஏழு மேட்ச் ஆடுனோம். ஆறு தோல்வி. ஜெயிச்ச ஒண்ணும் எதிர் டீம் வேன் பஞ்சராகி வராமப் போனதால ஜெயிச்சது."

சுருளிவேல் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வேன் எதனால பஞ்சராச்சுன்னு விசாரிச்சீங்களா சார்?"

"ஆணி குத்தி."

"ஆணி ரோட்டுல எப்பவும் படுத்துல்ல கிடக்கும்? எந்திரிச்சு நின்னது எப்படி? அன்னைக்குக் காலைல இந்தப் பய இங்க பந்தைத் தட்டுனான். தட்டுன தட்டுல பைபாஸ் வரைக்கும் தரை அதிர்ந்துச்சு. படுத்திருந்த ஆணி பூராம் எந்திரிச்சு நின்னுருச்சு. இங்க நின்னுக்கிட்டே அங்க வர்ற டீமைத் தோக்கடிச்சவன் சார் அவன். அதுக்கு ஒரு பாயிண்ட் கூட எழுதல நீங்க."

வீரணன் தலையாட்டினார். டங்.

"அது என்னப்பா, ஒண்ணுகூட உள்ள விழ மாட்டேங்குது?" என்றார் சிக்கந்தர் பாய்.

"விழக் கூடாதுன்னுதான் போடுறான் பாய். ரிங்கைத் தட்டிப் பாக்குறான். மாட்டை வாங்குறதுக்கு முன்னாடி முதுகுல தட்டிப் பாக்குறதில்லயா? அந்த மாதிரி. நான் மட்டும் அவனைச் சும்மாவா பிடிச்சேன்? வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பாத்தேன். தலையைக் குனியச் சொல்லிச் சுழி பாத்தேன். உச்சந்தலைல மூணு சுழி. மாட்டுக்கு இருந்தா வீட்டுக்கு ஆகாது. பாயிண்ட் கார்டுக்கு இருந்தா ஊருக்கே யோகம்."

"என் பேரனுக்கும் ரெண்டு சுழி இருக்கு. மூணு பாடத்துல பெயிலு."

"ஒண்ணு குறையுதுல்ல பாய்?"

பாண்டீஸ்வரி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கச் சுருளிவேலுக்குப் பயம் கூடியது. பயம் கூடினால் அவருக்குக் கதை பெருகும். அது அவர் பிறவிக் குணம்.

"அக்கா, நீங்க மேலப்பேட்டை மேட்சுக்கு வரல. வந்திருந்தா பன்னெண்டுங்கிறது கொறச்சல்னு நீங்களே சொல்லியிருப்பீங்க. இந்தப் பய பாஸ் போடுறப்ப பந்து போற பக்கம் பாக்க மாட்டான். கிழக்க பாப்பான், மேற்க போடுவான். எதிராளி அவன் கண்ணைப் பாத்து ஏமாறுவான். அதுதான் வித்தை. அன்னைக்கு இவன் நல்லா அழுத்தமா மலைப்பக்கம் பாத்துட்டான். மேலப்பேட்டைக்காரன் அஞ்சு பேரும் அங்கதான் பந்து போகுதுன்னு ஓடுனாங்க. கேட்டைத் தாண்டி ஓடுனாங்க. தோட்டந்தொரவு தாண்டி, மலையேறி, கேரளாவுக்குள்ள போயிட்டாங்க."

"எப்பத் திரும்புனாங்க?" என்றார் பாக்கியநாதன் சார்.

"மூணு நாள் கழிச்சு. நாலு பேரு வந்தாங்க, மலையாளம் பேசிக்கிட்டு. ஒருத்தன் அங்கயே கல்யாணம் பண்ணிட்டான். பிள்ளைக்குக் காதுகுத்துன்னு போன வாரம் பத்திரிகை வந்துச்சு."

"மேட்ச் நடந்து நாலு மாசந்தாம்ப்பா ஆகுது!"

"அவன் வேகமான ஆட்டக்காரன் சார். எதிராளின்னாலும் நாம திறமையை மதிக்கணும்."

சிக்கந்தர் பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். ஆனால் பாக்கியநாதன் சார் விடுகிற ஆள் இல்லை. "அஞ்சு பேரும் ஓடிப்போயிட்டா நாம ஏன்ப்பா நாப்பது பாயிண்ட்ல தோத்தோம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. சந்தையில் தாசையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்த சிரிப்பு சுருளிவேலின் கண் முன்னால் வந்தது. இனிமேல் இறங்க முடியாது, ஏறத்தான் வேண்டும்.

"அங்கதான் விஷயமே இருக்கு," என்று படியை விட்டு எழுந்து நின்றார். "தோத்ததுக்குக் காரணம் அவன் பாஸோட வேகம். பந்து நம்ம ஆளுக கைக்கு வருது. பிடிக்கிறாங்க. பந்து நிக்குமா? ஆளையும் இழுத்துக்கிட்டுப் போகுது. நம்ம உயரக்காரப் பய மாதவன் ஒரு பாஸைப் பிடிச்சான். பிடிச்சவன் கம்பம் பஸ்ஸுக்கு முன்னாடி போய்க் கம்பத்துல இறங்குனான். பின்னாடி வந்த பஸ்ல இருந்து கண்டக்டர் இறங்கி, டிக்கெட் எடுக்காம வந்துட்டான்னு சண்டைக்கு வந்துட்டாரு."

"பஸ்ஸுலயே ஏறலையே?"

"அதைத்தான் பாய் நானும் கேட்டேன். எங்க ரோட்டுல எங்களை முந்துனதுக்கு டிக்கெட்டுன்னுட்டாரு. லக்கேஜுன்னு பந்துக்குத் தனியா ஒண்ணு கிழிச்சாரு."

வீரணன் மிகவும் பலமாகத் தலையாட்டினார்.

"கழகத்துல பதினாலு பந்து காணோம்," என்றார் பாக்கியநாதன் சார். அவர் குரலில் இப்போது கோபம் வந்துவிட்டது. "எட்டு மாசத்துல பதினாலு! அதுக்கு என்ன சொல்ற?"

"காணாமப் போகல சார். மேல இருக்கு."

"எங்க மேல?"

சுருளிவேல் ஆகாயத்தைக் கையால் காட்டினார். நாலு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு கொக்குதான் போனது.

"அவன் போட்ட பாஸ் பூராம் உசரத்துல சுத்திக்கிட்டு இருக்கு. பூமியைச் சுத்தி வந்து இறங்கணும்ல, நேரம் ஆகுமா ஆகாதா? போன வருசம் போட்ட பதினாலும் இந்த வருசம் ஒண்ணொண்ணா இறங்கும். எதுல இறங்கும்? எதிராளி கூடைல இறங்கும். போன வருசத்துத் தோல்வியெல்லாம் தோல்வியே இல்ல, வெதை. இப்பப் போயி அவனை மேலப்பேட்டைக்கு விட்டீங்கன்னா நாம வெதைச்சதை அவங்க அறுத்துட்டுப் போவாங்க!"

அந்தக் கோடியில் பந்து பலமாக ரிங்கில் பட்டு, போர்டுக்கு மேலே எகிறி, சுற்றுச்சுவருக்கு அப்பால் விழுந்தது. அங்கே இருப்பது கிணறு. ஜெனிஷ் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக இவர்களிடம் வந்தான்.

"அண்ணே, வேற பந்து உண்டா?"

"பாத்தீங்களா, பதினஞ்சு!" என்றார் சுருளிவேல் பெருமையாக. "தம்பி, நீ போயி இளநி குடிச்சிட்டு வா."

அவன் போனான். பாண்டீஸ்வரி எழுந்து போய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். அந்த அம்மாள் வாயைத் திறக்கப் போகிறார் என்றதும் எல்லோரும் அடங்கினார்கள்.

"ஏப்பா சுருளி, இவ்வளவு வேகமா பாஸ் போட்டா மத்த நாலு பேரு என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேண்டியதில்லக்கா!" சுருளிவேலுக்கு வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஓடினார். "பிடிக்கப் போனதுதான் அவங்க செஞ்ச தப்பு. கம்முன்னு நின்னாப் போதும். கையைக் கட்டிக்கிட்டு நிக்கலாம். கண்ணை மூடிக்கிட்டு நிக்கலாம். பந்து அவங்க மேல பட்டு அதுவா கூடைக்குள்ள போயிரும். நாலு கல்லை நட்டு வச்சாக்கூட ஜெயிச்சிருவான்க்கா இவன்."

"நெசமாவா?"

"என் தொழில் மேல சத்தியம்."

இதைச் சொல்லும்போது அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் சத்தியம் செய்கிற எல்லாப் பொருளிலும் தொழில் ஒன்றுதான் அவருக்கு நிஜமாகவே பிடித்தது.

பாண்டீஸ்வரி விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "சரி. பன்னெண்டு குடுத்துருவோம்."

பாக்கியநாதன் சார் தலையில் கையை வைத்துக்கொண்டார். சுருளிவேலுக்கோ உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. நாளைக்குத் தாசையன் முன்னால் நிமிர்ந்து நிற்கலாம். அவர் பாண்டீஸ்வரியின் காலில் விழவே போனார்.

"இரு, இரு," என்றார் பாண்டீஸ்வரி. "மத்த நாலு பேருக்கு ஆளுக்கு ஒன்றரைன்னு ஆறு லட்சம் தர்றோம்ல. சும்மா நிக்கிறதுக்கு எதுக்கு ஒன்றரை? அவங்களை டீமை விட்டு நிப்பாட்டிருவோம். கணக்கு சரியாப் போச்சு."

"அக்கா, சட்டப்படி அஞ்சு பேரு இறங்கணுமே!" என்றார் பாக்கியநாதன் சார்.

"இறங்குங்க. கமிட்டில ஆம்பளைங்க நீங்க நாலு பேரு இருக்கீங்கள்ல?"

சிக்கந்தர் பாய் தன் இரண்டு முழங்காலையும் கையால் பிடித்துக்கொண்டு, "யா அல்லா," என்றார். பாக்கியநாதன் சார் அறுபத்தாறு வயது என்று ஆரம்பித்து, ரத்தக்கொதிப்பு என்று தொடர்ந்து, சுருளிவேலைப் பார்த்த பார்வையோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பார்வையில் பச்சை மரமே பற்றிக்கொள்ளும்.

"அக்கா..." சுருளிவேல் தலையைச் சொறிந்தார். "வந்து... நான் பேச்சு வாக்குல கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன்."

"அப்பிடியா? எவ்வளவு கூட்டிச் சொன்ன? பாதிக்குப் பாதி இருக்குமா? அப்ப ஆறே குடுப்போம். நீ போயி அவங்க மாமன்கிட்டச் சொல்லிரு."

சந்தை, துண்டு, தாசையனின் கை எல்லாம் ஒரு சுற்று சுருளிவேலின் மனதில் ஓடி முடிந்தன.

"இல்லக்கா," என்றார் கடைசியில். "நான் சொன்னது சொன்னதுதான். அத்தனையும் நெசம்."

"எனக்கு ஏழாம் நம்பர் பனியன்," என்றார் வீரணன். அவர் கமிட்டியில் பேசியது அதுதான் முதல் தடவை.

பாண்டீஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கேட் வரைக்கும் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை மொத மேட்சு. தையக்காரர்கிட்டச் சொல்லணும். சுருளி, உனக்கு டவுசர் முட்டிக்கு மேலயா, கீழயா?"

"கீழக்கா," என்றார் சுருளிவேல்.