இடையன் போட்ட ஊளை

முன்னொரு காலத்தில், ராஜாக்கள்கூட வெயிலுக்குப் பயந்து அரண்மனைக்குள்ளேயே கிடந்த ஒரு கோடையில், சேவுகன் என்று ஓர் இடையன் இருந்தான். பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

ஊரார் ஆடுகள் அத்தனையும் அவன் பொறுப்பில் இருந்தன. அந்த ஊருக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஆடு இருந்தால் கஞ்சி, இல்லாவிட்டால் பட்டினி. மந்தைத் தலைவனுக்கு உரிய கோல் சேவுகன் கையில் இருந்தது. அதைப் பிடித்த நாளிலிருந்து அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இடையர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. மந்தை பக்கத்தில் ஓநாய் என்ற பெயரைச் சொல்லக் கூடாது. காட்டுக்காரன் என்றுதான் சொல்ல வேண்டும். அதன் குரலை வாயில் எடுப்பதோ மகா பாவம். விளையாட்டுக்கு எடுத்தாலும் கோலைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

அன்று காலையிலிருந்தே ஒரே புழுக்கம். இலை அசையவில்லை. துடைக்கத் துடைக்க வேர்த்தது. ஆடுகள் மேயாமல் வாயைத் திறந்து இரைத்தன. அந்தப் பொட்டலில் இருந்தவை ஒரு பனையும் ஒரு புளியமரமும்தான். சேவுகன் மந்தையைப் புளியமர நிழலில் கொண்டுபோய் அடைத்தான். வெயிலுக்கு எல்லா இடையனும் செய்கிற காரியம்தான் அது.

மத்தியானம் சாய்ந்ததும் மேற்கே வானம் கறுத்தது. கூட மேய்க்க வந்திருந்த அவன் மனைவி வெள்ளச்சி அதைப் பார்த்ததும் அவனிடம் ஓடி வந்தாள்.

"மாமா, மேக்க பாரு. மரத்தடி வேணாம், ஆட்டை வெளிய பத்திவிடு."

"மழையில ஆடு கலைஞ்சா யாரு தேடுறது? சேவுகன் ஆட்டைத் தொலைச்சிட்டான்னு நாளைக்கு ஊரு பேசவா? சும்மா இரு புள்ள."

முதல் இடி தூரத்தில் விழுந்தது. ஆடுகள் நெருங்கி நின்றன. இரண்டாவது இடி கண்ணெதிரே பனையில் விழுந்தது. பனை உச்சியிலிருந்து எரிந்தது. அடுத்து எங்கே விழும் என்று யாரும் சேவுகனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆடுகளைக் கூப்பிட்டான், அவை அசையவில்லை. கோலால் அடித்தான்; அசையவில்லை. வெள்ளச்சி பெரிய கிடாயைக் கொம்பைப் பிடித்து இழுத்தாள், அதுவும் அசையவில்லை. மிரண்ட ஆடு இன்னொரு ஆட்டின் வயிற்றடியில் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கும், கொன்றாலும் நகராது.

"விட்டுட்டு வா மாமா! நாமளாவது பொழைச்சுக் கிடப்போம்!" அவள் கதறினாள்.

ஆடுகளின் முதுகு ரோமம் குத்திட்டு எழுந்தது. சேவுகனின் தலைமயிரும் எழுந்தது. இடி தலைக்கு மேல் வந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். அப்படி ஒரு பயத்தை அவன் அதுவரை அறிந்ததில்லை. கோலைத் தூக்கி எறிந்தான். இரண்டு கையையும் வாயருகே குவித்து ஊளையிட்டான். அசல் ஓநாயின் ஊளை அது. வெள்ளச்சியே காதைப் பொத்திக்கொண்டாள்.

மந்தை நாலு திசையிலும் சிதறி ஓடியது. புருஷனும் பெண்டாட்டியும் ஓடிப்போய் ஒரு பள்ளத்தில் விழுந்தார்கள். மூன்றாவது இடி புளியமரத்தை நடுவாகப் பிளந்தது.

மழை விட்டதும் ஊரே திரண்டு வந்தது. ஓடையிலும் முள்காட்டிலும் தேடி ஆடுகளைப் பிடித்துச் சேர்த்தார்கள். ஒன்றுகூடச் சாகவில்லை.

ஊர்ப் பெரியவர் சாத்தையா கேட்டார், "ஊளைச் சத்தம் ஊரு வரைக்கும் கேட்டுச்சே. காட்டுக்காரன் வந்தானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோல் தப்பிக்கும். சேவுகன் பெரியவர் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"இல்லய்யா. நான்தான் ஊளையிட்டேன்."

கூட்டம் திடுக்கிட்டது. பெரியவர் கரிந்து பிளந்து கிடந்த மரத்தைப் பார்த்தார். சேற்றில் கிடந்த கோலை எடுத்துத் துடைத்து, "நீயே வச்சுக்கப்பா" என்று அவனிடம் நீட்டினார்.

மனிதர்கள் மன்னித்துவிட்டார்கள். ஆட்டுக்கு நியாயம் சொல்லிப் புரியவைக்க முடியுமா? சேவுகன் சந்தோஷமாக மந்தையைக் கூப்பிட்டான். அவன் குரல் காதில் விழுந்ததுமே அத்தனை ஆடுகளும் நடுங்கிப் பின்வாங்கின. தவிட்டுத் தண்ணீர் கொடுத்து அவன் வளர்த்த குட்டிகூட வெள்ளச்சியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

சேவுகன் அழுதான். பிறகு கோலை வெள்ளச்சி கையில் கொடுத்தான். அவள் முன்னால் நடந்தாள், ஆடுகள் அவள் பின்னால் போயின. எல்லாவற்றுக்கும் பின்னால், வெகு தூரம் தள்ளி, வாயைத் திறக்காமல் அவன் நடந்தான். போகும்போதே ஆடுகளை எண்ணிப் பார்த்தான், ஒன்றும் குறையவில்லை.

பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவன், அந்த உயிர் பிழைக்கத் தன் நல்ல பெயரையும் அவர்கள் அன்பையும் இழக்கத் துணிய வேண்டும்.