ஏழு மணிக்கு நிற்காத சிஸ்டம்

கொத்தவாசல் பால் சங்கத்தைக் கட்டி மேய்த்தவர்கள் மூன்று பேர். தலைவர் ஒண்டிமுத்து, இயக்குநர் பச்சையப்பன், செயலாளர் மாசிலாமணி. மூவருடைய அறிவையும் சேர்த்தாலும் ஒரு ஆளுக்குக் காணாது. மாசிலாமணிக்கு மட்டும் இது எப்போதாவது உறைக்கும். 'ஒருவேளை நாமதான் முட்டாளோ' என்று யோசிப்பார். மற்ற இருவர் முகத்திலும் அந்தச் சந்தேகத்தின் சாயலே இருக்காது. சரி, இருக்காது என்று சமாதானமாகிவிடுவார்.

ஊர்ப் பால் கணக்கு முழுவதும் சங்கத்து சர்வரில் இருந்தது. அதில் ஓடிய சிஸ்டத்தை, தயாரித்த கம்பெனியே கைகழுவிவிட்டது. மாவட்ட அலுவலகத்து ஹேமலதா மேடம் வந்து, கறுப்புப் பெட்டியில் ஒன்றும் வெள்ளைப் பெட்டியில் ஒன்றுமாக இரண்டு புது சிஸ்டங்களைப் போட்டு, பழைய சர்வருக்குப் பக்கத்திலேயே ஓடவிட்டார்.

"பழசு செய்யுறது எல்லாத்தையும் எது குறையில்லாம செய்யுதுன்னு பாத்து சொல்லுங்க. அதுவரைக்கும் பழசுல கை வைக்காதீங்க. வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார். மாத்தலைன்னா உங்க சங்கத்தை மேலக்காட்டோட சேத்துடுவாங்க."

மேலக்காட்டுச் சங்கத் தலைவர், மாசிலாமணியின் அக்காளைக் கட்டிய மச்சான். அந்த ஆள் முன்னால் கேனும் கையுமாக வரிசையில் நிற்பதை நினைத்ததுமே மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பழைய சர்வரில் யாரும் கை வைக்கவில்லை. பச்சையப்பன் அகப்பைக் காம்பால் கீபோர்டைக் குத்தினார். பால் ஊற்ற வந்த முருகாயியின் பெயரை ஏற்றி முடிப்பதற்குள் முருகாயியின் பால் திரிந்துவிட்டது.

காலை ஏழு மணிக்கு வழக்கம்போலப் பழைய சர்வர் தானாக நின்றது. பெண்கள் கேனை இறக்கி வைத்துவிட்டு ஊர்வம்பு பேசினார்கள். மூவரும் டீ குடித்துவிட்டு வந்தார்கள். புதுப் பெட்டிகள் இரண்டும் ஓடிக்கொண்டே இருந்தன.

"இதுக நிக்கலியே" என்றார் தலைவர்.

"பழசு செய்யுறதெல்லாம் செய்யணும்னு மேடம் சொன்னாங்களே" என்றார் பச்சையப்பன்.

மாசிலாமணி தயங்கினார். "தலைவரே, நிக்காம ஓடுறது நல்லதுதானோ?"

"பத்து வருசமா நிக்குதுப்பா. காரணமில்லாமலா நிக்கும்?"

மாசிலாமணிக்கு வெட்கமாகிவிட்டது.

அந்த நேரம் பச்சையப்பனின் கால் இடறி, வெள்ளைப் பெட்டியின் வயர் பிடுங்கிக்கொண்டது. பெட்டி நின்றது.

"நின்னுடுச்சு" என்றார் தலைவர், கண் கலங்க. "கொஞ்சம் லேட்டு. பழக்கினா சரியாயிடும். கறுப்பைக் கழிச்சிடு."

அன்றிலிருந்து ஏழு அடித்தால் வயரைப் பிடுங்கிப் பழக்கும் வேலை மாசிலாமணிக்கு. வியாழக்கிழமை ஹேமலதா மேடம் வந்து, கணக்கையெல்லாம் வெள்ளைப் பெட்டிக்கு மாற்றினார். பழைய சர்வரை அணைத்து மூலையில் வைத்துவிட்டுப் போனார்.

மாசிலாமணிக்கு நிம்மதி வரவில்லை. ஏதோ ஒன்று குறைந்தது. உட்கார்ந்து யோசித்துப் பிடித்துவிட்டார். பழையது தினமும் ஆன் பண்ணியதும், 'இந்த சிஸ்டம் காலாவதியானது, உடனே மாற்றவும்' என்று சிவப்பில் காட்டும். புதியது வாயே திறக்கவில்லை. மேடம் சொன்னதில் குறை வைக்கலாமா? ஒரு அட்டையில் அதையே சிவப்பு மையில் எழுதி, வெள்ளைப் பெட்டியின் திரையில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை முதலில் வந்தவர் தலைவர். படித்தார். அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"இதுவும் போச்சாம்பா."

பச்சையப்பன் எட்டிப் பார்த்தார். "நேத்துதானே வச்சாங்க. அதுக்குள்ளயா?"

மாசிலாமணி பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார். "அப்படியே என் கையெழுத்து. கம்ப்யூட்டர் என்னத்தையெல்லாம் கத்துக்குது பாருங்க."

"உன் கையெழுத்தை அப்புறம் ரசிக்கலாம். அதிகாரி கிளம்பிட்டாராம். கறுப்பையாவது வைப்போமா?"

"அது ஒருநாளும் நின்னதில்லையே தலைவரே. அதை எப்படி நம்புறது?" என்றார் பச்சையப்பன்.

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, 'வாங்க மாப்ளே, வரிசையில நில்லுங்க' என்பது மாசிலாமணியின் காதில் இப்போதே விழுந்தது. அப்போதுதான் மூலையில் கிடந்த பழைய சர்வர் அவர் கண்ணில் பட்டது. திரை கரேலென்று இருந்தது.

"தலைவரே, இதுல எந்த எச்சரிக்கையும் காட்டலையே."

மூவரும் குனிந்து பார்த்தார்கள். உண்மைதான். ஒரு எழுத்துகூட இல்லை.

"ஆன் பண்ணிப் பாக்கலாமா?" என்றார் பச்சையப்பன்.

"எதுக்கு? சும்மா இருக்குறதைக் கிளப்பிவிடவா?" என்றார் தலைவர்.

தூக்கி மேசை மேல் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். அதிகாரி வந்தபோது மாசிலாமணி வாசலுக்கே ஓடினார்.

"சிஸ்டத்தை மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு சார்" என்றார் மாசிலாமணி, நெஞ்சை நிமிர்த்தி. "ரெண்டு தடவை."